மழைக்காட்டில் கற்ற பாடம்

ஜலகண்டாபுரம் பக்கத்தில் ஒருவர் "காட்டுக்குப் போகிறேன்" என்றால், சோளமோ நிலக்கடலையோ விளையும் மானாவாரி நிலத்துக்குப் போகிறார் என்றே பொருள். அந்தக் காட்டை மட்டுமே அறிந்த நான், தாவரவியல் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் சேர்ந்து நடத்திய கல்விச் சுற்றுலாவில், ஆடி மாதத்தில் வால்பாறை சென்று வந்தேன். அங்குக் கண்டதையும் செய்ததையும் மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புறப்படுமுன் எனக்கு ஓர் உறுத்தல் இருந்தது. நாட்டு நலப்பணித் திட்டம் காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஆம் ஆண்டில் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்வது அதன் விதி. சென்ற ஆண்டு நாங்களும் ஓர் ஏரிக்கரையில் கன்றுகள் நட்டோம். வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டோம். கோடையில் போய்ப் பார்த்தபோது ஒரு கன்றுகூட உயிரோடில்லை. ஏட்டில் மணிக்கணக்கு மட்டும் சரியாக இருந்தது.

மழைக்காடும் நம் ஊரும்

பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் வால்பாறை. அரபிக்கடலிலிருந்து வரும் தென்மேற்குப் பருவக்காற்றை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்து மேலே எழுப்புகிறது. மேலெழும் காற்று குளிர்ந்து மழையாகப் பொழிகிறது. ஈரத்தை அங்கே இழந்துவிட்டு வரும் காற்றே நம் சமவெளியை அடைகிறது. நமக்கு மழை குறைவென்றாலும் அந்த மழை நமக்கு அயலன்று. குடகிலும் வயநாட்டிலும் பெய்யும் மழைதான் காவிரியாகவும் கபினியாகவும் ஓடி, 1934இல் கட்டி முடிக்கப்பெற்ற மேட்டூர் அணையை நிரப்புகிறது.

வால்பாறைப் பீடபூமியில் 1890களிலிருந்து காடு அழிக்கப்பட்டுத் தேயிலையும் காப்பியும் பயிராயின. இன்று தேயிலைக் கடலின் நடுவே காடு தீவுகளாக நிற்கிறது. உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் சிங்கவால் குரங்கு அத்தீவுகளில் சிக்கியிருக்கிறது. மரத்திலேயே வாழும் அந்த விலங்கு தரையிறங்கிச் சாலையைக் கடக்க நேர்ந்தால் வண்டியில் அடிபடும். அதற்காகச் சாலைக்கு மேல் பாலங்கள் கட்டியிருப்பதைக் கண்டோம்.

நெசவாளர் வீட்டுப் பிள்ளையாகிய எனக்கு அது எளிதில் விளங்கிற்று. பாவில் ஓர் இழை அறுந்தாலும் தறியை நிறுத்தி முடிய வேண்டும்; விட்டுவிட்டால் துணி முழுவதும் குறை தொடரும். மலையில் அறுந்த இழைகள் மிகப் பல.

கையால் செய்த ஆய்வு

முதல் நாள் பேராசிரியர் எங்களை இரு குழுவாகப் பிரித்தார். ஒரு குழு காட்டுக்குள்ளும் மற்றொன்று தேயிலைச் சரிவிலும் பத்து மீட்டர்ச் சதுரம் கயிற்றால் குறித்து, அதனுள் எத்தனை வகைச் செடி மரங்கள் என எண்ணினோம். தேயிலையில் எண்ண ஒரு கை விரல்களே போதும். காட்டிலோ வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம், அவற்றின் நாற்றுகள், கொடிகள் என ஏட்டில் பக்கம் புரண்டது. அட்டைகள் தம் பங்குக்கு எங்களை ஆராய்ந்தன!

அடுத்து, ஒரு குடம் நீரை நடைபாதையில் ஊற்றினோம். செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு சரிவில் ஓடியது. இன்னொரு குடத்தைக் காட்டுத் தரையில் ஊற்றினோம்; சருகுக்குள் இறங்கி மறைந்தது. மழை நின்ற பிறகும் மலை ஓடையில் நீர் வருவது எதனாலென்று பாடநூலின் பல பக்கங்கள் சொல்லாததை அந்தக் குடம் சொல்லிற்று.

தொண்டு

இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்னும் நிறுவனம் தோட்ட நிறுவனங்களின் துணையோடு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இங்கே சிதைந்த காட்டை மீட்டு வருகிறது. சாலையோரம் விழுந்து வீணாகும் விதைகளைப் பொறுக்கி நாற்றங்காலில் வளர்த்து, மழைக்காலத்தில் நடுகிறார்கள். நூற்றுக்கு மேற்பட்ட உள்நாட்டு மர வகைகள் இவ்வாறு வளர்க்கப்பெற்றுள்ளன. இப்படி மீட்ட இடங்களில், தானாக வளரவிட்ட இடங்களைவிட மரவகையும் மரங்களில் சேரும் கரியும் கூடுதல் என்று 2019இல் வெளியான ஆய்வு காட்டியது.

இவ்வழியைப் பின்பற்றி நாங்களும் விதை பொறுக்கினோம், நாற்றுப் பையில் மண் நிரப்பினோம். நடுவதற்கு ஆவலோடு இருந்தோம். எங்களுக்குத் தந்த வேலையோ, முந்தைய ஆண்டுகளில் நட்ட கன்றுகளைச் சுற்றிய உண்ணிச்செடியை வேரோடு பிடுங்குவது! முகம் வாடிய என்னைப் பார்த்து உடன் வேலை செய்த அம்மா ஒருவர் சொன்னார்: "நடுறது ஒரு நாள் வேலை தம்பி. பார்த்துக்கிறதுதான் மூணு வருச வேலை. அடுத்த வருசம் யார் வருவீங்க?"

என்னால் விடை சொல்ல முடியவில்லை. அந்த ஏரிக்கரைக் கன்றுகள் ஏன் செத்தன என்பது அப்போதுதான் விளங்கிற்று.

முடிவுரை

மழைக்காட்டு மரத்தைக் கொண்டுவந்து ஜலகண்டாபுரத்தில் நட்டால் அது பிழைக்காது. கொண்டுவர வேண்டியது முறையைத்தான். நம் மண்ணுக்குரிய வேம்பு, புங்கம், உசிலை, ஆச்சா ஆகியவற்றின் விதைகளை நாமே பொறுக்கி நாற்றுவிடுவோம். இருநூறு கன்று நடுவதைவிட இருபது நட்டு மூன்று கோடை காப்போம். ஒவ்வொரு கன்றுக்கும் ஏட்டில் ஓர் எண்ணும் ஒரு மாணவர் பெயரும் இருக்கட்டும். அவர் படிப்பு முடித்துச் செல்லும்போது முதலாண்டு மாணவர் ஒருவரிடம் அதை ஒப்படைத்துச் செல்லட்டும்.

இந்த ஏட்டின் முதல் பக்கத்தைத் துறையில் வைத்திருக்கிறோம். பேராசிரியப் பெருமக்கள் ஆண்டுதோறும் அதைச் சரிபார்க்க வேண்டுகிறேன். "அடுத்த வருசம் யார் வருவீங்க?" என்ற கேள்விக்கு, இளைய நண்பர்களே, உங்கள் பெயர்தான் விடை.