ஒற்று விட்டால் கதை கெடுமா?

கேள்வி: சிறுகதைகள் எழுதுகிறேன். சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் என்று சொல்லி இதழ்களிலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள். கதைக்கு உயிர்தானே முக்கியம்? கி.ராஜநாராயணன் பேச்சுத் தமிழில் எழுதியே சாகித்திய அகாதெமி விருது வாங்கவில்லையா?
- ஒரு வாசகி, அருப்புக்கோட்டை

பதில்: கி.ரா.விலிருந்தே தொடங்குவோம். 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991இல் அவர் அந்த விருதைப் பெற்றது உண்மை. ஆனால், அவர் பேச்சுத் தமிழை எழுதினாரே தவிர, பிழையை எழுதவில்லை. கரிசல் காட்டுச் சொற்களைத் திரட்டி அகராதியே தொகுத்தவர் அவர். வட்டார வழக்குக்கும் இலக்கணம் உண்டு. பெரியவர் ஒருவர் வந்ததை ராமநாதபுரம் பக்கம் 'வந்தாக' என்பார்கள்; திருநெல்வேலிப் பக்கம் 'வந்தாவ'; கோவையில் 'வந்தாங்க'. உங்கள் கதையில் வரும் பாட்டி ஒரு பக்கத்தில் 'வந்தாக' என்றும் அடுத்த பக்கத்தில் 'வந்தாவ' என்றும் சொன்னால், அந்த ஊர்க்காரர் அங்கேயே கதையை மூடி வைத்துவிடுவார். அதுவும் இலக்கணப் பிழைதான்.

இனி ஒற்றுக்கு வருவோம். 'அப்பா தந்த பெட்டி' என்றால் அப்பா கொடுத்தது. நடுவில் ஒரு 'ப்' சேர்ந்து 'தந்தப் பெட்டி' ஆகிவிட்டால் அது யானைத் தந்தத்தில் செய்தது. ர, ற மாறினாலும் இதே கதிதான்: 'இரந்தான்' என்றால் பிச்சை கேட்டான், 'இறந்தான்' என்றால் செத்தே போனான். இப்படிப் பொருளே புரளும் இடங்கள் குறைவு, ஒப்புக்கொள்கிறேன். மற்ற இடங்களில் ஒற்று விட்டாலும் வாசகருக்குப் புரியும். ஆனாலும் எனக்கு இதில் பிடிவாதம் உண்டு. ஒற்று என்பது ஒலி. 'வீட்டைப் பார்த்தான்' என்பதில் இருக்கும் அழுத்தம் 'வீட்டை பார்த்தான்' என்பதில் இல்லை. பக்கத்துக்குப் பத்து இடத்தில் நாக்கு இப்படி இடறினால், வாசகர் கதையை விட்டுவிட்டு எழுத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். நீங்கள் பாடுபட்டுக் கொண்டுவந்த துயரம் அவரிடம் போய்ச் சேராமலே போகிறது.

முதல் வரைவில் இதையெல்லாம் நினைக்காதீர்கள், எழுதி முடியுங்கள். பிறகு வாய்விட்டுப் படியுங்கள். நன்னூலை உருப்போடத் தேவையில்லை. 'ஐ', 'கு' உருபுகளுக்குப் பின்னும் 'அந்த', 'இந்த', 'எந்த' என்ற சொற்களுக்குப் பின்னும் க, ச, த, ப வந்தால் ஒற்று மிகும். 'வந்த', 'பார்த்த' போன்ற பெயரெச்சங்களுக்குப் பின் மிகாது. இவ்வளவு தெரிந்தாலே பெரும்பாலான பிழைகள் போய்விடும். ஒருமை பன்மை மயக்கம் நீண்ட வாக்கியங்களில்தான் அதிகம் நேரும்: 'மரங்கள்' என்று தொடங்கி, நான்கு வரி தாண்டி 'விழுந்தது' என்று முடித்திருப்போம். எழுவாயையும் பயனிலையையும் மட்டும் சேர்த்துப் படித்துப் பாருங்கள். சொல்லில் ஐயம் வந்தால் 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பள்ளிப் படிப்பு குறைந்தவர்களை எழுதவிடாமல் தடுக்க இலக்கணத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களும் உண்டு. அவர்களோடு நான் சேரமாட்டேன். ஒற்றுப் பிழையைத் திருத்த மெய்ப்புத் திருத்துபவரால் முடியும். உங்கள் ஊர்ப் பாட்டியின் பேச்சை எழுத அவரால் முடியாது. அதனால் அடுத்த கதையை அனுப்பும்போது, 'உரையாடல்களில் கை வைக்க வேண்டாம், மற்ற பகுதிகளைத் திருத்திக்கொள்ளலாம்' என்று முதல் பக்கத்திலேயே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.