முயல்குட்டியும் கழிவுத் தட்டும்: கருத்தடைக்கு முந்தைய மாதங்களில் நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை

உங்கள் வீட்டில் முயல்குட்டி இருக்கிறதா? பேரப்பிள்ளைகள் ஆசைப்பட்டு வாங்கியிருப்பார்கள். ஆனால் அவர்கள் பள்ளிக்கும் பெற்றோர் வேலைக்கும் சென்ற பிறகு, பகல் முழுவதும் அதைக் கவனிப்பவர் பெரும்பாலும் வீட்டிலிருக்கும் தாத்தாவோ பாட்டியோதான். தரையைத் துடைப்பவரும் அவரே.

முயல் தன் கழிவை ஒரே இடத்தில் கழிக்கப் பழகக்கூடிய பிராணி. ஆனாலும் ஒரு குறிப்பிட்ட வயதில் அந்தப் பழக்கம் தடுமாறும். அது ஏன், அந்த மாதங்களை உங்கள் உடல்நலத்திற்குக் கேடு வராமல் எப்படிக் கடப்பது என்பதை இக்கையேடு விளக்குகிறது.

நன்றாகப் பழகிய குட்டி ஏன் திடீரென மாறுகிறது?

இரண்டு மாதக் குட்டி சில வாரங்களிலேயே தட்டைப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளலாம். பிறகு மூன்றரை முதல் ஆறு மாத வயதுக்குள் அது பருவமடைகிறது. சிறிய வகை முயல்கள் முன்னதாகவும், பெரிய வகை முயல்கள் சற்றுப் பின்னரும் பருவமடையும்.

அப்போது அதன் உடலில் ஹார்மோன்கள் பெருகுகின்றன. "இது என் இடம்" என்று அறிவிப்பதற்காக அது அங்கங்கே புழுக்கைகளைச் சிதறவிடும். சோபா, மெத்தை போன்ற மென்மையான இடங்களில் சிறுநீர் கழிக்கும். ஆண் முயல் உங்கள் காலைச் சுற்றி ஓடிச் சிறுநீரைப் பீய்ச்சவும் கூடும். பெண் முயலும் இவ்வாறு செய்யும். கூண்டுக்குள் கை நீட்டினால் உறுமும்.

இது பிடிவாதம் அன்று. நீங்கள் சரியாகப் பழக்கவில்லை என்றும் பொருளன்று. குட்டி கற்றதை மறந்துவிடவும் இல்லை. இது பருவத்தின் மாற்றம். ஆகவே இந்த மாதங்களில் முழு வெற்றியை எதிர்பார்க்காதீர்கள். சிறுநீரில் பெரும்பகுதி தட்டில் விழுந்தால் பயிற்சி நன்றாக நடக்கிறது என்றே கொள்ளுங்கள். உலர்ந்த புழுக்கைகள் சில வெளியே கிடப்பது இயல்பு.

கழிவுத் தட்டை எப்படி அமைப்பது?

• முயல் தானாகத் தேர்ந்தெடுத்த மூலையில் தட்டை வையுங்கள். நீங்கள் விரும்பும் இடத்திற்கு முயலை இழுப்பதைவிட, முயல் விரும்பும் இடத்திற்குத் தட்டைக் கொண்டுசெல்வது எளிது.

• முயல் உள்ளே முழுவதுமாக உட்கார்ந்து திரும்பும் அளவுக்குத் தட்டு பெரிதாக இருக்கட்டும். ஏறும் பக்கம் தாழ்வாக இருக்க வேண்டும்.

• அடியில் பழைய நாளிதழை விரித்து, அதன்மேல் காகிதத் துகள்களைப் பரப்புங்கள். ஈரம் பட்டால் கட்டியாகும் பூனை மணலைப் பயன்படுத்தாதீர்கள். முயல் அதைத் தின்றால் குடல் அடைத்துக்கொள்ளும். வாசனை மிகுந்த பைன், தேவதாரு மரச்சீவல்களையும் தவிர்த்திடுங்கள்.

• தட்டின் ஒரு முனையில், முயலின் வாய்க்கு எட்டும்படி, உலர்ந்த புல்லை வையுங்கள். முயல் தின்றுகொண்டே கழிக்கும் பிராணி. புல் இருக்கும் இடத்தில் அது நெடுநேரம் உட்காரும். கழிவும் அங்கேயே விழும்.

• தட்டைத் தூய்மைப்படுத்தும்போது, சில புழுக்கைகளையும் சிறுநீர் பட்ட காகிதத் துண்டு ஒன்றையும் திரும்ப வையுங்கள். அந்த வாடை, "இதுதான் இடம்" என்று முயலுக்கு நினைவூட்டும்.

• முதலில் சிறிய இடத்தில் பழக்குங்கள். வரவேற்பறை முழுவதும் ஓடவிட்டால் குட்டி தட்டைத் தேடி வராது. தடுப்பு வைத்து ஒரு மூலையை ஒதுக்குங்கள். பழக்கம் நிலைக்க நிலைக்க, இடத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

தவறான இடத்தில் கழித்துவிட்டால்?

அடிக்காதீர்கள், கத்தாதீர்கள், அதன் முகத்தைச் சிறுநீரில் தேய்க்காதீர்கள். முயல் அஞ்சி ஒதுங்கும் இயல்புடையது. தண்டித்தால், உங்களைக் கண்டு ஒளியுமே தவிர, தட்டுக்குப் போகக் கற்காது.

சிறுநீரைக் காகிதத்தால் ஒற்றி எடுத்து, அந்தக் காகிதத்தைத் தட்டில் போடுங்கள். சிதறிய புழுக்கைகளையும் அங்கேயே சேருங்கள். பிறகு வெள்ளை வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து தரையைத் துடையுங்கள், வாடை நீங்கும். ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் கழித்தால், அங்கே இரண்டாவது தட்டை வைத்துவிடுங்கள்.

எச்சரிக்கை: முயலின் சிறுநீர் மீது ப்ளீச் ஊற்றாதீர்கள். ப்ளீச்சுடன் வினிகரையும் கலக்காதீர்கள். இரண்டிலும் மூச்சுத்திணறலை உண்டாக்கும் நச்சு வாயு வெளிப்படும்.

உங்கள் நலத்தையும் பாருங்கள்

• வழுக்கி விழாதீர்கள். ஓடு பதித்த தரையில் சிறிதளவு சிறுநீரும் ஆபத்தானது. இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் முயலை விடாதீர்கள். அவ்வழியில் சிறு விளக்கு எரியட்டும். ஈரத்தை உடனே துடையுங்கள்.

• குனிந்து குனிந்து வேலை செய்யாதீர்கள். நீண்ட பிடியுள்ள குப்பை முறத்தையும் துடைப்பத்தையும் பயன்படுத்துங்கள். தட்டை மாற்றும்போது நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நிறைந்த தட்டைத் தூக்க வேண்டியிருந்தால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

• தட்டை நாள்தோறும் மாற்றுங்கள். தேங்கிய சிறுநீரிலிருந்து அம்மோனியா வாயு கிளம்பும். அது உங்கள் கண்ணையும் மூச்சுக்குழாயையும் உறுத்தும்; முயலுக்கும் கெடுதல். உங்களுக்கு ஆஸ்துமா இருந்தால், புல் தூசியும் தொந்தரவு தரலாம். முகக்கவசம் அணியுங்கள், சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

• கையுறை அணியுங்கள். வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கைகளைக் கழுவுங்கள். புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோரும் நோயெதிர்ப்பாற்றல் குறைந்தோரும் கழிவைத் தொடாமல், அந்த வேலையை வேறொருவரிடம் விடுவது நல்லது.

• பருவமடைந்த முயல் கடிக்கவோ கீறவோ கூடும். காயத்தை உடனே சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். நீரிழிவு உள்ளவர்களும் இரத்தத்தை நீர்க்கச் செய்யும் மருந்து உட்கொள்பவர்களும் சிறு காயமானாலும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

• கழிவைப் பையில் போட்டு இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கழிவறைத் தொட்டியில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.

கருத்தடை எப்போது செய்யலாம்?

பொதுவாக ஆண் முயலுக்கு நான்கு அல்லது ஐந்து மாதத்திலும், பெண் முயலுக்கு ஐந்து அல்லது ஆறு மாதத்திலும் செய்வார்கள். முயலைப் பரிசோதித்து விலங்கு மருத்துவர் முடிவு செய்வார். எல்லா விலங்கு மருத்துவர்களும் முயல்களுக்கு அறுவை சிகிச்சை செய்வதில்லை. அதனால் முன்கூட்டியே கேட்டறியுங்கள்.

அறுவை சிகிச்சைக்கு முன் முயலைப் பட்டினி போடாதீர்கள். நாய், பூனையைப் போல முயல் வாந்தி எடுப்பதில்லை. வயிறு காலியானால் அதன் குடல் இயக்கம் நின்றுவிடக்கூடும். மருத்துவர் சொல்வதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

கருத்தடை செய்த மறுநாளே பழக்கம் மாறிவிடாது. ஹார்மோன் அடங்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தட்டுப் பயிற்சியை நிறுத்தாதீர்கள். கருத்தடை செய்த ஆண் முயலுக்கும் சில வாரங்கள் வரை குட்டிகளை உண்டாக்கும் திறன் இருக்கும். அதனால் பெண் முயலிடமிருந்து அதைப் பிரித்தே வையுங்கள். பெண் முயல் ஏறக்குறைய ஒரே மாதத்தில் குட்டி போட்டுவிடும். உடன்பிறந்த ஆணும் பெண்ணும் கூட மூன்று மாத வயதிலிருந்து தனித்தனியே இருக்க வேண்டும்.

பெண் முயலுக்குக் கருத்தடையால் மற்றொரு நன்மையும் உண்டு. வயதாக ஆக அதற்குக் கருப்பைப் புற்றுநோய் வரும் அபாயம் அதிகம். கருப்பையை அகற்றிவிட்டால் அந்த அபாயம் நீங்கும்.

எப்போது மருத்துவரிடம் செல்ல வேண்டும்?

முயலின் சிறுநீர் மஞ்சளாகவோ, ஆரஞ்சு நிறமாகவோ, சில நேரம் செம்பழுப்பாகவோ இருக்கலாம். அது உணவில் உள்ள நிறமியால் வருவது. திராட்சைக் கொத்துப் போன்ற மென்மையான புழுக்கையை முயல் தின்பதும் இயல்பே, தடுக்காதீர்கள்.

ஆனால் பின்வருவனவற்றைக் கண்டால் காத்திருக்காதீர்கள்:

• அரை நாளாக உண்ணவில்லை அல்லது புழுக்கை போடவில்லை
• சிறுநீர் கழிக்க முக்குகிறது, அல்லது சொட்டுச் சொட்டாகக் கழிக்கிறது
• சிறுநீரில் இரத்தக்கட்டி தென்படுகிறது
• பின்புறம் எப்போதும் ஈரமாக இருக்கிறது

இவை பருவத்தின் குறும்பு அல்ல, நோயின் அறிகுறிகள்.

நினைவில் கொள்ளுங்கள்

சிறுநீர்த் தொல்லை பொறுக்காமல் முயலைப் பூங்காவிலோ அடுக்குமாடியின் கீழ்த்தளத்திலோ விட்டுவிடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். வீட்டில் வளர்ந்த முயலுக்கு வெளியே பிழைக்கத் தெரியாது. வெயிலையும் அது தாங்காது.

தொல்லை தாங்க முடியவில்லை என்றால், இன்றே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். காலையில் தட்டை மாற்றுவது ஒருவர், மாலையில் தரையைத் துடைப்பது மற்றொருவர் எனப் பிரித்துக்கொள்ளுங்கள். கருத்தடைக்கு மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். இந்தப் பருவம் சில மாதங்களே. வீட்டு முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் வரை வாழக்கூடியது. இப்போது காட்டும் பொறுமை அத்தனை ஆண்டுகளுக்கும் உதவும்.