துளை போட்டுச் செய்யும் ஒப்பரேஷனில் இரத்தத்தை எப்படி நிறுத்துகிறார்கள்?

"பித்தப்பையில் கல். வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், சின்னத் துளைகள் போட்டு எடுக்கலாம்" என்று டாக்டர் சொன்னால், நம் லயங்களில் முதலில் எழும் கேள்வி இதுதான்: உள்ளே இரத்தம் வந்தா கையை விட்டு அமுக்க முடியாதே, என்ன செய்வாங்க?

இந்த முறை புதிதல்ல. 1985இல் ஜெர்மனியில் எரிக் மூஹே என்ற டாக்டர் இப்படிப் பித்தப்பையை எடுத்தார். தமிழ்நாட்டில் இதில் பேர் பெற்ற கோயம்புத்தூர் டாக்டர் சி. பழனிவேலு, இளம் வயதில் மலேசியாவில் கூலி வேலை செய்து, பிறகு படித்து முன்னேறியவர்.

வயிற்றுக்குள் காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி இடம் உண்டாக்குவார்கள். ஒரு துளையில் கமரா. மற்றவற்றில் நீண்ட கருவிகள். சின்ன இரத்தக்குழாய்கூட டீவித் திரையில் பெரிதாகத் தெரியும்.

இரத்தத்தை நிறுத்தும் வழிகள்:

1. தண்ணீர்க் குழாயை வெட்டுமுன் பைப்பை மூடுகிறோம் அல்லவா? அதுபோல, பித்தப்பைக்குப் போகும் இரத்தக்குழாயில் முதலில் கிளிப் போட்டு இறுக்கி, பிறகே வெட்டுவார்கள்.

2. கசிந்தால் கருவியாலோ கோஸ் துணியாலோ சில நிமிடம் அமுக்குவார்கள். இரத்தத்தை உறிஞ்சி எடுத்து, கசியும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். பார்க்காமல் கிளிப் போட்டால் பக்கத்துப் பித்தக்குழாய் சேதமாகலாம்.

3. சிறு குழாய்களை மின்சாரச் சூட்டால் அடைப்பார்கள். தேவையானால் தையலும் போடுவார்கள்.

இத்தனைக்கும் நிற்காவிட்டால் வயிற்றைத் திறப்பார்கள். அது தோல்வி அல்ல, உயிர் காக்கும் முடிவு.

நாம் செய்ய வேண்டியது என்ன?

அஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் போன்ற குளிசை குடிப்பவர்கள் கட்டாயம் சொல்லணும். நாமாகவே நிறுத்தவும் கூடாது. நாட்டு மருந்தையும் சொல்லுங்கள். பல் பிடுங்கியபோது இரத்தம் நிற்காமல் போனதா? மாதவிடாயில் அதிகம் போகிறதா? அதையும் சொல்லுங்கள். குடிப்பழக்கத்தை வெட்கப்பட்டு மறைக்க வேணாம். இரத்தத்தை உறைய வைக்கும் பொருட்களைச் செய்வது ஈரல்தான். ஈரல் கெட்டால் இரத்தம் லேசில் நிற்காது.

இரத்தச்சோகை உள்ளவருக்குக் கொஞ்ச இழப்பும் பாரமாகும். கொழுந்து பறிக்கும் நம் பெண்கள் முன்கூட்டியே இரத்தம் சோதித்துக்கொள்வது நல்லது. சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் இரும்புச்சத்து சரியாக உடம்பில் சேராது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, வயிறு வீங்குதல், கட்டு நனைதல் இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.