மழையை அளந்து விதைத்தல்

மானாவாரிச் சாகுபடி செய்யும் குடியானவருக்கு ஓராண்டின் பலன் பெரும்பாலும் ஒரே தீர்மானத்தில் அடங்கியிருக்கிறது. விதையை எந்நாளில் மண்ணுக்குள் இடுவது என்பதே அத்தீர்மானம். கிணறோ கால்வாயோ உள்ள நிலத்தில் ஒரு வாரம் முந்தினாலும் பிந்தினாலும் நீர் பாய்ச்சி அக்குறையை ஒருவாறு ஈடு செய்துகொள்ளலாம். வானம் பார்த்த பூமியில் அதற்கு வழியில்லை. முதல் மழையைக் கண்ட மகிழ்ச்சியில் விதைத்தபின் பதினைந்து நாள் வெயில் காய்ந்து முளை கருகுமாயின், விதையும் உழவுக்கூலியும் ஒருங்கே நஷ்டமாகின்றன. மறுபடியும் விதை வாங்கக் கடன் வாங்க வேண்டும். கடன் கிடைத்தாலும், கழிந்துபோன நாட்கள் திரும்பக் கிடைப்பதில்லை. அதற்கஞ்சிக் காத்திருந்தாலோ, அடைமழை பிடித்துக்கொண்டபின் கரிசல் நிலத்தில் கால் வைக்கவும் இயலாது. இவ்விரு நஷ்டங்களுக்கும் இடையே வழி காண்பதற்குப் பெய்த மழையின் அளவையும் அது மண்ணில் இறங்கிய ஆழத்தையும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. அதற்கு வேண்டிய கருவி மிகச் சொற்ப விலையுள்ளது. வேலையோ நாளுக்கு ஐந்து நிமிஷமே.

ஊருக்கு ஒரு பட்டம்

தமிழ்நாட்டின் சராசரி மழை ஆண்டுக்குச் சுமார் 920 மில்லிமீட்டர். இதில் ஏறக்குறையப் பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையுள்ள வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள தென்மேற்குப் பருவத்தின் பங்கு மூன்றில் ஒன்றைவிடச் சற்று அதிகம். ஆயினும் இப்பங்கீடு எல்லா ஜில்லாக்களுக்கும் ஒரே விதமாக அமையவில்லை. சேலம், தர்மபுரி முதலிய இடங்களில் ஆனி, ஆடி மாதங்களிலேயே விதைப்புக்கேற்ற மழை கிடைக்கிறது. "ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழி அத்தகைய நிலங்களுக்கு முற்றும் பொருந்தும். தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம் ஜில்லாக்களின் கரிசற்பூமியிலோ ஆடி மாதத்தில் வறண்ட மேல்காற்றே வீசுகிறது. அங்கே பட்டம் புரட்டாசியிலும் ஐப்பசியிலும் அமைகிறது. கருங்கண்ணிப் பருத்தி, சோளம், கம்பு, உளுந்து, பாசிப்பயறு, மல்லி ஆகிய பயிர்கள் அம்மழையையே நம்பியுள்ளன. பழமொழியானது தான் பிறந்த ஊரின் மழையைப் பல தலைமுறை கண்டறிந்த அனுபவத்தின் சுருக்கம். அதனை வேறோர் ஊருக்கு எடுத்துச் செல்லுமுன் அவ்வூரின் மழைக் கணக்கைப் பார்ப்பது அவசியம்.

பருவம் தொடங்கியதற்கு அடையாளம்

வடகிழக்குப் பருவமழை சராசரியாக அக்டோபர் 20 ஆம் தேதியை ஒட்டி, அதாவது ஐப்பசி முதல் வாரத்தில் தொடங்குகிறது. சில ஆண்டுகளில் ஒரு வாரமோ அதற்கு மேலுமோ முன்பின்னாதல் உண்டு. இதற்கு முன்பே, புரட்டாசியில், மாலை வேளைகளில் இடியுடன் கூடிய மழை ஆங்காங்கே பெய்வது வழக்கம். இதுவே குடியானவரை ஏமாற்றும் மழையாகும். ஓர் ஊரில் கொட்டும். அடுத்த ஊரில் தூறலும் இராது. பெய்த ஊரிலும் பின் பல நாள் வெயில் காயும்.

இந்திய வானிலை இலாகாவினர் மழை பெய்ததை மட்டும் கொண்டு பருவம் தொடங்கியதென அறிவிப்பதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கடலோர ஆந்திரம் வரையில் விலகியிருக்க வேண்டும். தமிழ்நாட்டுக் கரையில் கீழ்த்திசைக் காற்று நிலையாக வீச வேண்டும். அக்காற்று தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரம் வரையில் பரவியிருக்க வேண்டும். மழையும் பரவலாகப் பெய்ய வேண்டும். இவை யாவும் கூடினாலும் அக்டோபர் 10 ஆம் தேதிக்கு முன் அறிவிப்பது மரபன்று. இவற்றுள் ஒன்றைக் கிராமத்திலிருந்தே கவனிக்கலாம். அடுப்புப் புகையும் கோயிற்கொடியும் எத்திசை சாய்கின்றன என்று நாள்தோறும் பார்த்து வந்தால், மேல்காற்று ஓய்ந்து கொண்டல் திரும்பிய நாள் தெரிந்துவிடும். மேல்காற்று நின்றபாடில்லாமல் ஒரு மாலை பெய்த மழையைப் பருவமழையென்று எண்ணி விதைப்பெட்டியைத் திறப்பது தகாது.

மழைமானி அமைக்கும் விதம்

அரசாங்க நிலையங்களில் நெடுங்காலமாக வழங்கி வரும் சைமன்ஸ் மழைமானியின் வாய் 127 மில்லிமீட்டர், அதாவது ஐந்து அங்குல விட்டமுடையது. அதன் விளிம்பு தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி வைக்கப்படும். தாலூகாவின் தலைநகரில் உள்ள மழைமானி பத்து மைலுக்கப்பாலுள்ள வயலின் மழையைச் சொல்லாது. ஆதலால் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஒன்று வேண்டும்.

விலை கொடுத்து வாங்க இயலாதவிடத்து, அடியும் வாயும் ஒரே அகலமாகப் பக்கங்கள் நேராக உள்ள தகரக் குவளை போதும். வாயின் உள்விட்டம் 11.3 சென்டிமீட்டர் இருக்குமாறு தேர்ந்துகொண்டால் கணக்கு மிகவும் எளிதாகும். அவ்வாயின் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர். ஆகவே குவளையில் சேர்ந்த நீரில் ஒவ்வொரு 10 மில்லிலிட்டரும் ஒரு மில்லிமீட்டர் மழைக்குச் சமம். மருந்துக் குப்பியோடு வரும் அளவு மூடியைக் கொண்டே இதனை அளந்துவிடலாம். குவளையைக் கட்டடம், மரம் முதலியவற்றின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்திற்கேனும் அப்பால், ஆடுமாடு தட்டாதபடி முள்வேலியிட்டு, விளிம்பு சமமட்டமாக இருக்கும்படி நாட்ட வேண்டும். காலை எட்டரை மணிக்கு அளந்து, எழுதி, நீரைக் கொட்டிவிட வேண்டும். மழையில்லாத நாளில் பூஜ்யம் என்று எழுதுதலும் முக்கியம். எழுதாத நாள் மழையற்ற நாளா, மறந்த நாளா என்பது பின்னால் விளங்காது.

ஒரு மில்லிமீட்டர் மழை என்பது அற்பமாகத் தோன்றலாம். ஓர் ஏக்கரின் மேல் அது 4,000 லிட்டருக்குச் சற்று அதிகமான நீராகும். 20 மில்லிமீட்டர் மழை ஏக்கருக்குச் சுமார் 80,000 லிட்டர் நீரைக் கொணர்கிறது.

எவ்வளவு மழை போதும்

காய்ந்த கரிசலில் சிறுமழை மேல்மண்ணை மட்டும் நனைத்து நிற்கும். ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இட்ட விதை முளைப்பதற்கு, ஏறக்குறைய 20 முதல் 25 மில்லிமீட்டர் மழை சேர்ந்தாற்போல் பெய்தல் வேண்டும். சேர்ந்தாற்போல் என்பது கவனிக்கத்தக்கது. ஒரு கிராமத்தில் புரட்டாசி 10 ஆம் தேதி 9, 15 ஆம் தேதி 8, 20 ஆம் தேதி 7 மில்லிமீட்டர் பெய்ததாகக் கொள்க. கூட்டினால் 24 வரும். வேறொரு கிராமத்தில் ஒரே இரவில் 24 மில்லிமீட்டர் பெய்ததாகக் கொள்க. ஏட்டில் இரண்டும் சமம், நிலத்தில் சமமல்ல. வெயில் காயும் நாளில் ஈரமான மேற்பரப்பிலிருந்து நாளொன்றுக்கு நாலைந்து மில்லிமீட்டர் நீர் ஆவியாகிவிடக்கூடும். முதற் கிராமத்தில் ஒவ்வொரு மழையும் அடுத்த மழை வருமுன் காற்றோடு போய்விட்டது. இரண்டாவது கிராமத்தில் நீர் விதையின் ஆழத்தைத் தாண்டி இறங்கிவிட்டது.

இதனைச் சோதித்தறிய எளிய வழி உண்டு. மழைக்கு மறுநாள் நிலத்தின் மேடு, பள்ளம், நடு ஆகிய மூன்று இடங்களில் மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டிப் பார்க்க வேண்டும். விதை விழும் ஆழத்திலுள்ள மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டையாகத் திரள வேண்டும். அதற்குக் கீழும் ஈரம் தொடர்ந்திருக்க வேண்டும். மேலே சேறும் இரு விரல் கீழே புழுதியுமாக இருந்தால், வானம் எவ்வளவு கறுத்திருப்பினும் அது விதைக்கும் ஈரமன்று.

மழைக்கு முன் விதைத்தல்

கரிசல் மண் காய்ந்தால் வெடிக்கும். நனைந்தால் உப்பி ஒட்டிக்கொள்ளும். நல்ல மழை பெய்தபின் மாடும் கலப்பையும், இக்காலத்து டிராக்டரும் பல நாள் இறங்க முடியாமற் போகும். அதற்குள் மறுமழை வந்துவிட்டால் விதைப்பு மேலும் தள்ளிப்போகும். இக்காரணம் பற்றியே, பருவமழை தொடங்கும் சராசரி நாளுக்கு இரண்டு மூன்று வாரம் முன்னதாக, புரட்டாசி நடுவில், புழுதியிலேயே விதைத்துவிடும் முறை சிபாரிசு செய்யப்படுகிறது. 1901 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணை, இத்தகைய கரிசல் மானாவாரிச் சாகுபடியையே தன் ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டது.

இம்முறையின் உயிர் ஆழத்தில் இருக்கிறது. சோளத்தை ஐந்து சென்டிமீட்டர் ஆழத்தில் இட்டால், பத்துப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மழை பெய்தாலும் ஈரம் அதனை எட்டாது. விதை உறங்கிக் கிடக்கும். போதிய மழை வந்தபின்னரே முளைக்கும். கையால் வீசி மேலாக மூடிய விதையோ, அதே சிறுமழையில் முளைத்து, தொடரும் வெயிலில் மாளும். ஆகவே புழுதியில் விதைப்போர் வீசி விதைத்தலை விட்டு, சாலில் அல்லது விதைக்கருவியில் ஒரே ஆழமாக இடுதல் வேண்டும். விதையை முன்னரே கடினப்படுத்துவதும் நன்மை தரும். ஒரு கிலோ சோள விதைக்கு 350 மில்லிலிட்டர் நீரில் 7 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் கரைத்து, அதில் ஆறு மணி நேரம் ஊறவைத்து, பழைய ஈரப்பதம் வரும்வரை நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். இவ்விதை வறட்சியைச் சற்று அதிகமாகத் தாங்கும்.

பருவம் பிந்தினால்

மழை தாமதித்த ஆண்டில், வழக்கமான பயிரையே பிடிவாதமாக விதைப்பது பெருந்தவறு. மழை டிசம்பரோடு பெரும்பாலும் ஓய்கிறது. அதன்பின் பயிர் மண்ணில் தேங்கிய ஈரத்தைக்கொண்டே வாழவேண்டும். நாலைந்து மாதப் பயிராகிய பருத்திக்கு முதலிடம் முன்பட்டத்தில்தான். விதைப்பு சில வாரம் பிந்தினால் சோளம் கதிர் வாங்கும் காலம் வறட்சியில் அகப்படும். அப்போது 65 முதல் 70 நாளில் முதிரும் உளுந்து, பாசிப்பயறு போன்றவற்றை நாடுவதே விவேகம். பயிரின் வயதையும் ஈரம் நிற்கும் நாட்களையும் பொருத்திப் பார்ப்பதே இதன் சூத்திரம். ஆதலின் ஒரே விதையை நம்பியிராமல், குறுகிய வயதுள்ள விதையும் சிறிது கைவசம் வைத்திருத்தல் வேண்டும்.

முன்னறிவிப்பின் பயனும் எல்லையும்

இந்திய வானிலை இலாகா 1875 ஆம் ஆண்டில் ஏற்பட்டது. மறு ஆண்டிலேயே மழை பொய்த்து, 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் வாட்டியது. அவ்விலாகாவின் முதல் தலைவர் பிளான்போர்டு, இமயத்தின் பனியளவைக் கொண்டு பருவமழையை முன்கூட்டிக் கூறத் தலைப்பட்டார். 1886 முதல் அவ்வறிக்கை முறையாக வெளிவந்தது. அவருக்குப் பின் வந்தவர்களுள் கில்பர்ட் வாக்கர், தொலைவிலுள்ள பசிபிக் சமுத்திரத்தின் காற்றழுத்த மாறுதல்களுக்கும் இந்திய மழைக்கும் உள்ள சம்பந்தத்தை ஆராய்ந்தார். 1945 ஆம் ஆண்டில் குடியானவர்களுக்கென்றே வானிலைச் செய்தி ரேடியோ மூலம் ஒலிபரப்பத் தொடங்கியது. 2019 ஆம் ஆண்டில் மேகதூத் என்னும் செயலி வெளியிடப்பட்டு, அடுத்த சில நாட்களின் மழை நிலவரமும் பயிர் யோசனைகளும் கைப்பேசியிலேயே கிடைக்கலாயின.

இச்செய்திகளைப் படிக்கையில் ஒரு வேற்றுமையை மனத்தில் கொள்ள வேண்டும். பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோ ஆண்டில் மழை குறையும் என்று ஜூன் மாதத்தில் வரும் செய்தி பெரும்பாலும் தென்மேற்குப் பருவத்தைக் குறித்தது. வடகிழக்குப் பருவத்தில் அவ்வாண்டுகளில் மழை மிகும் போக்கே காணப்படுகிறது. அதுவும் போக்கேயன்றி உறுதியன்று. அச்செய்தியைக் கேட்டுக் கரிசற்காட்டை உழாமல் போடுவது சரியாகாது.

இரு ஆண்டுகளின் அனுபவம் வானத்தின் வேறுபாட்டைக் காட்டும். 2016 ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது; 2017 ஜனவரியில் எல்லா ஜில்லாக்களும் வறட்சிப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. 2023 டிசம்பர் 18 ஆம் தேதி காலை எடுத்த அளவில், காயல்பட்டினத்தில் ஒரே நாள் மழை 946 மில்லிமீட்டர். அஃதாவது தமிழ்நாட்டின் சராசரி ஆண்டு மழைக்கும் மேற்பட்டது. ஆகவே வரப்பையும் வடிகாலையும் செப்பனிடுதல் விதைப்பின் ஒரு பகுதியே. ஈரத்தைப் பிடித்து வைக்கும் குறுக்கு வரப்பும், மிகுநீரை வெளியேற்றும் வாய்மடையும் ஒரே நிலத்துக்கு இரண்டும் தேவை.

மழைப் புத்தகம்

ஒவ்வொரு கிராமத்திலும் மழைப் புத்தகம் ஒன்று இருத்தல் நலம். பள்ளிக்கூடத்தின் வெளியில் மழைமானியை நாட்டி, பிள்ளைகளே முறைவைத்து அளந்தெழுதலாம். ஒரு பத்தியில் மழையளவும், அடுத்ததில் காற்றின் திசையும், அதற்கடுத்ததில் ஈரம் இறங்கிய ஆழமும், கடைசியில் ஊரில் எப்பயிர் விதைக்கப்பட்டது, முளைத்தது, காய்ந்தது என்பதும் பதியப்பட வேண்டும். அளவை அன்றன்றே பஞ்சாயத்துப் பலகையில் எழுதிவிட்டால், பக்கத்து வீட்டார் விதைத்தார் என்பதற்காகவே விதைக்கும் வழக்கம் தானே குறையும்.

முதலாண்டில் அப்புத்தகம் வெறும் எண்களாகவே தோன்றும். ஐந்தாண்டில் ஊரின் குணம் தெரியத் தொடங்கும். பத்து, இருபது ஆண்டுகள் சென்றால், விதைக்கும் மழை முதன்முதல் எந்த நாட்களுக்கிடையே விழுகிறது, அதன்பின் வறண்ட இடைவெளி எத்தனை ஆண்டில் நேர்ந்தது என்பவை அவ்வூருக்கே உரிய கணக்காய் நிற்கும். பாட்டன்மார் நினைவில் காத்து வந்ததைப் பேரன்மார் ஏட்டில் காப்பார்கள். மழையைப் பெய்விக்கும் வல்லமை எவருக்கும் இல்லை. பெய்ததை அளந்து, மண்ணை வெட்டிப் பார்த்து, விதையை உரிய ஆழத்தில் இடும் வல்லமை ஒவ்வொரு குடியானவரிடமும் உண்டு. வருகிற புரட்டாசிக்கு முன்னரே மழைமானியை நாட்டி அதனைப் பயன்படுத்தத் தொடங்குவார்களாக.