600 டவுன்லோட் வந்தும் எங்க ஆப் ஏன் படுத்துச்சு?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டையே ஸ்டார்ட்அப் ஆக்கணும்னு கனவோட இருக்கிறவங்களுக்காக இந்தக் கட்டுரை. நாங்க வாங்கின அடியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

போன செமஸ்டர்ல நாலு பேர் சேர்ந்து ஒரு ஆப் செஞ்சோம். பிடிஎஃப் அனுப்பி, யுபிஐல காசு கட்டிட்டா போதும். ஜெராக்ஸ் கடை கியூவில் நிக்காம பிரிண்ட்டை வாங்கிக்கலாம். சிம்போசியம் ஸ்டால்ல, இன்ஸ்டால் பண்ணா ஒரு சாக்லேட்னு சொன்னோம். ரெண்டே நாள்ல 600 டவுன்லோட்! ட்ரீட் வேற வச்சோம். ஒரு மாசம் கழிச்சுப் பார்த்தா, ஒரு நாளைக்கு அஞ்சு ஆர்டர்கூட வரல.

டவுன்லோட் எண்ணிக்கை ஏறும், இறங்கவே இறங்காது. ஆப்பை அன்னைக்கே டெலிட் பண்ணவனும் அதில் ஒருத்தன்தான். இப்படி மனசுக்குக் குளிர்ச்சியா இருந்து, எந்த முடிவுக்கும் உதவாத எண்களை எரிக் ரீஸ் 'வேனிட்டி மெட்ரிக்ஸ்' என்கிறார். அவருடைய 'தி லீன் ஸ்டார்ட்அப்' 2011ல் வெளிவந்த புத்தகம்.

அப்போ எதை அளக்கணும்? டேவ் மெக்ளூர் 2007ல் ஐந்து படிகளைச் சொன்னார்: ஆள் வருவது, முதல் பலனை உணர்வது, திரும்ப வருவது, நண்பரைக் கூட்டி வருவது, காசு தருவது. ஆங்கிலத்தில் இவற்றின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் கடற்கொள்ளையர் கத்துவது போல 'ஆர்ர்' என்று வரும். அதனால் 'பைரேட் மெட்ரிக்ஸ்' என்று பெயர். நாங்க முதல் படியை மட்டும் எண்ணிட்டு மூணாவதை மறந்துட்டோம். அதுதான் ரிடென்ஷன்.

ரிடென்ஷனை பேட்ச் பேட்ச்சாகப் பார்க்கணும். இதுக்குப் பெயர் 'கோஹார்ட்'. காலேஜ் மொத்தத்துக்கும் ஒரே பாஸ் பர்சென்டேஜ் சொன்னா எந்த பேட்ச் தடுமாறுதுன்னு தெரியாதில்லையா, அதே கதைதான். எங்க கணக்கு இது:

ஸ்டால் பேட்ச்: 600 இன்ஸ்டால், 150 பேர் முதல் ஆர்டர், அதில் 18 பேர் இரண்டாவது ஆர்டர். 12 சதவீதம்.

நண்பர் சொல்லி வந்த பேட்ச்: 40 இன்ஸ்டால், 30 பேர் முதல் ஆர்டர், 15 பேர் இரண்டாவது ஆர்டர். 50 சதவீதம்.

ரெண்டையும் கலந்தா 180ல் 33, சுமார் 18 சதவீதம். அந்த எண்ணை மட்டும் பார்த்திருந்தா ஆப்பையே மூடியிருப்போம்.

கால அளவும் முக்கியம். முதல்ல தினமும் எத்தனை பேர் வர்றாங்கன்னு பார்த்துப் பயந்தோம். ஆனா தினமும் யார் பிரிண்ட் எடுக்கிறாங்க? ரெக்கார்டும் அசைன்மென்ட்டும் வரும்போதுதானே! அதனால முதல் ஆர்டரிலிருந்து இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்தாங்களான்னு எண்ணினோம்.

எண், எங்கே ஓட்டைன்னு காட்டும். ஏன்னு ஆளைக் கேட்டால்தான் தெரியும். திரும்ப வராத பத்து பேருக்கு போன் போட்டோம். பெரும்பாலும் ஒரே பதில்: "கடைக்குப் போனா பிரிண்ட் இன்னும் எடுக்கவே இல்ல, மறுபடி கியூல நின்னேன்டா." ஸ்டால் கூட்டம் முழுக்க லஞ்ச் பிரேக்கில் ஆர்டர் போட்டிருக்கு. கடை அண்ணன் ஒருத்தர் என்ன பண்ணுவார்? கியூ இல்லைன்னு சொன்ன நாங்களே கியூவில் நிக்க வச்சிருக்கோம்.

புது ஃபீச்சர் எதுவும் போடல. 15 நிமிஷத்துக்கு இத்தனை ஆர்டர்தான்னு வரம்பு வச்சு, எப்போ ரெடியாகும்னு நேரத்தைக் காட்டினோம். அடுத்து சேர்ந்து முதல் ஆர்டர் போட்ட 20 பேரில் 9 பேர் திரும்ப வந்தாங்க. இது சின்ன எண். ரெண்டு பேர் மாறினாலே 10 சதவீதம் நகரும். அதனால இந்தத் தடவை ட்ரீட் இல்ல!

கடைசியா ஒரு எச்சரிக்கை. 10 நாளில் 7 நண்பர்களைச் சேர்க்க வைப்பதே ஃபேஸ்புக் வளர்ச்சிக் குழுவின் இலக்காக இருந்தது என்று சமத் பாலிஹபிட்டியா சொல்லியிருக்கிறார். அது அவங்க டேட்டாவில் கிடைத்த எண். அதை அப்படியே காப்பி அடிக்காதீங்க. உங்க ஆப்பில் திரும்ப வந்தவங்களுக்கு முதல் நாள் என்ன நடந்ததுன்னு தேடுங்க. எங்களுக்கு அது, போனதும் ரெடியா இருந்த பிரிண்ட்.

இன்னைக்கே ஒரு ஷீட் திறங்க. சேர்ந்த வாரம், முதல் பயன்பாடு, திரும்ப வந்த தேதி. மூணே காலம் போதும். ட்ரீட் அப்புறம் வச்சுக்கலாம்.