‘நேரம் இருந்தால்’ என்று ஒதுக்கிய அரைப்பக்கம்

அன்புள்ள பிள்ளைக்கு,

நீர் அனுப்பிய பன்னிரண்டு பக்கத்தையும் வாசித்து முடித்தேன். டொச் மொழியில் இருந்தபடியால் மூன்று மாலை பிடித்தது. ‘வருங்கால ஆசிரியர்களுக்கான ஒருநாள் பட்டறை: ஐரோப்பியக் குடியுரிமையும் பன்முகமும்.’ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பின்வாங்கில் இருந்து ழகரத்தோடு மல்லுக்கட்டிய பிள்ளையா இதை எழுதியது என்று எனக்கு ஒரு சின்னப் பெருமை. அந்தப் பெருமை இரண்டாம் பக்கம் வரைக்கும்தான் தாக்குப்பிடித்தது.

நேரத்தை எப்படிப் பங்கிடுவது, குழுவேலையை எங்கே வைப்பது என்பதெல்லாம் நான் சொல்லி நீர் அறிய வேண்டியதில்லை. அதைப் பார்க்க உமக்கு மேலே ஆட்கள் இருக்கிறார்கள். என்னை உறுத்திய இரண்டு விசயங்களை மட்டும் சொல்கிறேன். கொஞ்சம் கோபமாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளும்.

பட்டறையின் முதல் வசனம்: ‘நாம் எல்லோரும் ஐரோப்பியக் குடிமக்கள்.’ இதைப் பலகையில் எழுதித்தான் வருங்கால ஆசிரியர் தன் வகுப்பைத் தொடங்க வேண்டும் என்கிறீர். எந்த வகுப்பை? உதாரணத்துக்கு நீர் எடுத்தது டோட்முண்டில் ஒரு பத்தாம் வகுப்பு. 26 பிள்ளைகளின் பெயரையும் நீரே கற்பனை செய்து ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர். அதில் எத்தனை பேரிடம் ஐரோப்பிய ஒன்றியத்து நாடு ஒன்றின் பாஸ்போட் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தீரா?

ஒன்றியக் குடியுரிமை என்ற ஒன்றை உண்டாக்கியது 1992இல் கையெழுத்தாகி 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை. உறுப்பு நாடு ஒன்றின் குடிமகனாக இருப்பவர் எவரோ அவரே ஒன்றியக் குடிமகன். உள்ளே போக வேறு வாசல் கிடையாது. 2024 ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஜேர்மனி முதல்தடவையாக 16 வயதுப் பிள்ளைகளுக்கும் வாக்குரிமை கொடுத்தது. உமது வகுப்பில், முந்தைய வருடம் நேப்பிள்ஸில் இருந்து வந்து இன்னும் டொச் பேசத் தடுமாறும் பிள்ளை, பதிந்துகொண்டால் அந்தத் தேர்தலில் வாக்களிக்கலாம். டோட்முண்ட் நகரசபைத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். 2015இல் சிரியாவில் இருந்து வந்து, டொச் பாடத்தில் முதலாவதாக வரும் பிள்ளைக்கு, டொச் பாஸ் எடுக்கும் வரைக்கும் இரண்டும் இல்லை.

ஷ்லெஸ்விக் ஹோல்ஸ்டைன் மாநிலம் ஒருமுறை சில நாட்டு வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை கொடுத்துப் பார்த்தது. 1990 ஒக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளிவிட்டது. இரண்டு வருடம் கழித்து அரசியலமைப்பையே திருத்திக் கதவைத் திறந்தார்கள், ஆனால் ஒன்றியத்து நாட்டவருக்கு மட்டும். இவ்வளவு கதையும் அந்தப் பத்தாம் வகுப்பில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருக்கிறது. நீர் அதற்கு மேலே ‘நாம் எல்லோரும்’ என்று ஒரு போர்வையை விரித்துவிட்டீர்.

அதற்குக் கீழே கற்றல் நோக்கம்: ‘பிள்ளைகள் தம்மை ஐரோப்பியராக உணர்வார்கள்.’ உணராத பிள்ளைக்கு என்ன புள்ளி போடுவீர்? 1976இல் பொய்டல்ஸ்பாக்கில் கூடிய அறிஞர்கள் அரசியல் கல்விக்கு மூன்று விதி விட்டுப் போனார்கள். பரீட்சைக்கு நீர் அதை மனப்பாடம் செய்ததை நான் அறிவேன். பிள்ளையை உமது கருத்துக்குள் அமுக்கக் கூடாது என்பது முதலாவது. தன் நிலை என்ன, தன் நலன் எது என்று பிள்ளை தானே ஆராயப் பழக வேண்டும் என்பது மூன்றாவது. உமது ஒரே வசனம் இரண்டையும் மிதித்துக்கொண்டு நிற்கிறது.

‘சேர் மறுபடியும் கடுதாசிக் கதையைத் தொடங்கிவிட்டார்’ என்று நீர் சிரிப்பது தெரிகிறது. ஆமாம், குடியுரிமை என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கடுதாசிதான். ஏன் என்று இதுவரை உமக்குச் சொன்னதில்லை.

1979இல் எனக்கு முதல் நியமனம் அட்டன் பக்கத்தில் ஒரு தோட்டப் பள்ளிக்கூடம். யாழ்ப்பாணத்தில் இருந்து போன எனக்கு லயம் தெரியாது, பிரட்டுக்களம் தெரியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தைப் பற்றிப் படித்திருந்தேன். அது மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது என்றும், 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தார்கள் என்றும் பரீட்சைத்தாளில் எழுதிப் புள்ளியும் வாங்கியிருந்தேன். அந்த எண்களுக்குள் இருந்த ஆட்களின் பிள்ளைகள்தான் என் முன்னால் வாங்குகளில் இருக்கிறார்கள் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

ஐந்தாம் வகுப்பு, சமூகக்கல்வி. நான் பலகையில் எழுதினேன்: ‘நாம் அனைவரும் இலங்கைப் பிரஜைகள்.’ எல்லோரும் குனிந்து எழுதினார்கள். ஒரு பொடியன் மட்டும் கொப்பியை மூடி வைத்துவிட்டு எழும்பினான்.

“சார், எங்களுக்குப் பாஸ்போட்டு வந்திருச்சு. அடுத்த மாசம் இந்தியாவுக்குப் போறோம். நான் இத எழுதவா, வேணாமா?”

நான் சொன்ன பதில்: “எழுது, பரீட்சைக்கு வரும்.”

அவன் எழுதினான். அடுத்த மாதம் கோச்சியேறித் தலைமன்னாருக்குப் போய், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்குப் போய்விட்டது அந்தக் குடும்பம். மிச்சம் இருந்தவர்களின் கணக்கைத் தீர்க்க 1986, 1988, 2003 என்று சட்டத்துக்கு மேல் சட்டம் வர வேண்டியிருந்தது. நான் 1985இல் கிழக்கு பெர்லினில் இறங்கி, மேற்கே தாண்டி வந்து அகதியாகப் பதிந்தேன். என் கையில் இருந்த ஆசிரியப் பத்திரத்தை ஒரு அலுவலகத்தில் புரட்டிப் பார்த்துவிட்டு, இங்கே செல்லாது என்று திருப்பித் தந்தார்கள். அதற்குப் பிறகு உணவகங்களில் கோப்பை கழுவிய கதை உமக்குத் தெரியும். டொச் பாஸ் கிடைத்தது 1999 தையில். ஆனியில் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தல். வாக்குச்சீட்டை மடிக்கும்போது எனக்கு அந்தப் பொடியனின் மூடிய கொப்பிதான் ஞாபகம் வந்தது. உமது இரண்டாம் பக்கத்தைப் பார்த்து நான் ஏன் இப்படிப் பதறுகிறேன் என்று இப்போது விளங்கும். நீர் எழுதியது என்னுடைய வசனம்.

இனி இரண்டாவது. காலை அமர்வு குடியுரிமை, மத்தியானத்துக்குப் பிறகு பன்முகம் என்று பிரித்திருக்கிறீர். இடையில் சாப்பாடு; ‘ஒவ்வொருவரும் தமது பண்பாட்டின் உணவு ஒன்றைக் கொண்டுவரவும்’ என்று அடைப்புக்குறிக்குள் ஒரு வேண்டுகோள் வேறு. காலையில் சட்டம், உரிமை, தேர்தல். பின்னேரம் வடை, ஃபலாஃபல், கொடி, உடுப்பு. காலை அமர்வின் உதாரணங்களில் வரும் பெயர்கள் லூக்காஸ், ஜூலியா, மார்க்கோ. பின்னேர உதாரணங்களில் அகமட், ஃபாத்திமா, ஒரு தமிழ்ப் பிள்ளை. நீர் வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். ஆனால் பட்டறையில் இருக்கும் வருங்கால ஆசிரியர் என்ன படித்துக்கொண்டு போவார்? குடியுரிமை ஒரு பகுதிப் பிள்ளைகளின் விசயம், பன்முகம் மற்றப் பகுதியின் விசயம் என்றுதானே?

பின்னேரத்தில் இன்னொரு பயிற்சி: ‘ஒவ்வொரு பிள்ளையும் தன் பூர்வீகப் பண்பாட்டை வகுப்புக்கு விளக்க வேண்டும்.’ இதை நீரா எழுதினீர்? ஏழாம் வகுப்பில் நடந்ததை மறந்துவிட்டீரா? ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் தேரைப் பற்றி வகுப்புக்குச் சொல்லும்படி உமது சமயப்பாட ஆசிரியை கேட்டார். நீர் வேதக்காரப் பிள்ளை. வருடாவருடம் ஆவணியில் கெவலார் மாதாவிடம் யாத்திரை போகும் குடும்பம். தேரைப் பற்றி உமக்கு என்ன தெரியும்? ‘தெரியாது’ என்றதும், உன் சொந்தப் பண்பாட்டையே நீ அறியவில்லையா என்று அவர் வருத்தப்பட்டாராம். அந்தச் சனிக்கிழமை நீர் வகுப்புக்கு வந்து, “சேர், தேரில எத்தினை சில்லு இருக்கும்?” என்று கேட்டது எனக்கு இன்றைக்கும் காதில் கேட்கிறது. அந்த ஆசிரியை கெட்டவர் இல்லை. அவரைப் பயிற்றியவர்கள் இப்படி ஒரு பின்னேர அமர்வைத்தான் அவருக்குக் கொடுத்திருப்பார்கள். இப்போது அதே அமர்வை நீர் தயாரிக்கிறீர்.

பெற்றோர் சந்திப்புகளில் டொச் ஆசிரியருக்கும் எங்கட சனத்துக்கும் நடுவில் கதிரை போட்டு இருபது வருடம் மொழிபெயர்த்தவன் நான். ‘உங்கள் பண்பாட்டில் இது எப்படி?’ என்று ஆசிரியர்கள் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார்கள். ‘உங்கள் விசா எப்போது முடிகிறது, பிள்ளை சுற்றுலாவுக்கு வர ஏதும் தடை உண்டா?’ என்று கேட்டவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். டுல்டுங் கடுதாசியோடு, அதாவது நாடுகடத்தலைத் தற்காலிகமாகத் தள்ளிவைக்கும் கடுதாசியோடு, இருந்த ஒரு தகப்பன், மகனுக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லி வகுப்புச் சுற்றுலாவை நிறுத்தினார். பண்பாட்டுக் காரணமாக இருக்கும் என்று ஆசிரியர் நினைத்துக்கொண்டார். அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.

இரண்டு விசயம் என்றுதான் தொடங்கினேன், மூன்றாவதும் வந்துவிட்டது. கிழவன்மாரின் கணக்கு இப்படித்தான். ஐந்தாம் பக்கத்தில் ‘ஐரோப்பிய ஒன்றியத்தின் மனித உரிமை நீதிமன்றம், ஸ்ட்ராஸ்பூர்க்’ என்று எழுதியிருக்கிறீர். அது ஒன்றியத்தின் நீதிமன்றம் அல்ல. 1949இல் தொடங்கிய ஐரோப்பிய அவையைச் சேர்ந்தது. ஒன்றியத்தில் 27 நாடுகள், அவையில் 46. ஒரு பெயர்ப் பிழைக்கு இவ்வளவு சத்தமா என்று கேட்பீர். அந்த நீதிமன்றம் காக்கும் உடன்படிக்கை, குடிமக்களுக்கு என்று சொல்லவில்லை. உறுப்பு நாடுகளின் அதிகாரத்துக்குள் இருக்கும் எவருக்கும் என்று சொல்கிறது. இங்கிலாந்து திருப்பியனுப்பிய ஐந்து தமிழர் அங்கே போய் வழக்காடி 1991இல் தோற்றார்கள். அது வில்வராஜா வழக்கு. 2008இல் இன்னொரு தமிழர் அதே இங்கிலாந்துக்கு எதிராகப் போய் வென்றார். அவரை இலங்கைக்குத் திருப்பி அனுப்பினால் உடன்படிக்கையை மீறியதாகும் என்று தீர்ப்பு. தோற்றவர்களிடமும் வென்றவரிடமும் ஐரோப்பியக் குடியுரிமை இருக்கவில்லை. உமது சிரியப் பிள்ளைக்குத் திறந்திருக்கும் வாசலின் மேல் நீர் தவறான பெயர்ப்பலகையை மாட்டிவிட்டீர்.

இவ்வளவு திட்டியும் ஏன் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன் என்றால், பதினோராம் பக்கத்தின் கீழ்ப்பாதிக்காக. ‘நேரம் இருந்தால்’ என்று தலைப்புப் போட்டு ஒரு பயிற்சி வைத்திருக்கிறீர். பத்தாம் வகுப்பு ஸ்ட்ராஸ்பூர்க்குக்குச் சுற்றுலா போகிறது. பயிலும் ஆசிரியர் பயணப் பட்டியலைத் தயாரிக்க வேண்டும். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாடுகளின் பிள்ளைகள் ஆசிரியரோடு கூட்டமாகப் போனால், பள்ளிக்கூடம் கொடுக்கும் பட்டியலின் பலத்தில் விசா இல்லாமல் எல்லை தாண்டலாம் என்று 1994இல் ஒன்றியம் எடுத்த முடிவைத் தேடிப் பிடித்திருக்கிறீர். யாருக்கு எதுவும் தேவையில்லை, யாருடைய பெயருக்குப் பக்கத்தில் படம் ஒட்ட வேண்டும், வெளிநாட்டவர் அலுவலகத்தின் முத்திரைக்கு எத்தனை கிழமைக்கு முன் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறீர். கடைசிக் கேள்வியை வாசித்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தேன்: ‘இவ்வளவையும் வகுப்பில் ஒரு பிள்ளைகூட அறியாமல் எப்படிச் செய்வீர்கள்?’

நாற்பத்தைந்து வருடமாகப் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். ஆசிரியரைப் பயிற்ற இதைவிட நல்ல கேள்வியை நான் கண்டதில்லை. அந்தக் காய்ச்சல் பொய்யைச் சொன்ன தகப்பனுக்கு இந்தக் கேள்வி தெரிந்த ஒரு ஆசிரியர் கிடைத்திருந்தால், பொடியன் பஸ்ஸில் ஏறியிருப்பான். இதைப் போய் ‘நேரம் இருந்தால்’ என்று ஒதுக்கி வைக்க உமக்கு எப்படி மனம் வந்தது?

ஆகவே நான் சொல்வது இதுதான். அந்த அரைப்பக்கத்தை முதற்பக்கத்துக்குக் கொண்டுவாரும். பட்டறை முழுவதும் அந்தச் சுற்றுலாவாகவே இருக்கட்டும். ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஐரோப்பிய நாடாளுமன்றமும் மனித உரிமை நீதிமன்றமும் நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. முதலாவதற்கு ஆள் அனுப்ப வாக்களிக்கப் பாஸ்போட் வேண்டும். இரண்டாவதில் முறையிட அது தேவையில்லை. 26 பிள்ளைகளையும் ஒரே நாளில் இரண்டு வாசலிலும் நிறுத்தினால், குடியுரிமையும் பன்முகமும் ஒரே பாடமாகிவிடும். சாப்பாட்டை அவரவர் விருப்பத்துக்கு விடும். பலகையில் எழுதும் முதல் வசனத்தை மட்டும் தயவுசெய்து அழித்துவிடும்.

திருத்தியதும் அனுப்பும். டொச்சிலேயே அனுப்பும், அகராதி மேசையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உமது சனிக்கிழமை வாத்தியார்