முருங்கை மயிர்க்கொட்டியை ஒழித்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் முருங்கை நில்லாத வளவு அரிது. ஐப்பசி மழை தொடங்கியபின் அம்மரத்தை மயிர்க்கொட்டிகள் பற்றுவதும், அரிப்புக்கு அஞ்சிய வீட்டார் மரத்தையே தறித்துவிடுவதும் உண்டு. தறிக்க வேண்டியதில்லை. இப்புழுவின் இயல்பை அறிந்தால் அதனை ஒழித்தல் எளிது.

மழைக்குப்பின் வெளிவரும் மஞ்சட் கபில நிற அந்துப்பூச்சி இலைகளிலும் இளந்தண்டுகளிலும் முட்டைகளைத் திரளாக இடுகின்றது. பொரித்த புழுக்கள் இலையையும் பட்டையையும் தின்று வளர்ந்து, பகலில் அடிமரத்திற் கூட்டமாக ஒட்டியிருக்கும். முற்றியவை மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுக்களாகும். ஆகவே, அவை மண்ணை அடையுமுன் அழித்தல் வேண்டும்.

செய்யவேண்டியவை:

1. முட்டைத் திரள் காணப்படும் இலைகளைக் கொய்து எரித்துவிடுக.

2. அடிமரத்திற் திரண்டிருக்கும் புழுக்களை, நீண்ட தடியிற் கட்டிய ஓலைச் சூளாற் பொசுக்குக. தீயை ஓரிடத்தில் நிறுத்தலாகாது. பட்டை வெந்தால் மரம் நலியும்.

3. காற்று வீசும்போதும், கிடுகு வேலிக்கும் ஓலைக் கூரைக்கும் அருகிலும் தீ வேண்டாம். அங்கே ஈர்க்கு விளக்குமாற்றால் புழுக்களைச் சவர்க்கார நீருள்ள வாளியில் தட்டி வீழ்த்துக.

4. மரத்தடி மண்ணைக் கொத்திப் புரட்டி, வெளிப்படும் கூட்டுப்புழுக்களை அழித்துவிடுக.

வேலை செய்யும்போது உடலை நன்கு மூடிக்கொள்க. மயிர் பட்ட இடத்தைத் தேய்க்காது, சவர்க்காரமிட்டுக் கழுவுக. இலையும் காயும் அன்றாடம் கறிக்கு எடுக்கும் மரமாதலால் நச்சு மருந்து தெளித்தல் தகாது.

அந்துப்பூச்சி வேலி கடந்து பறக்குமாதலால், அயலவரும் ஒரே காலத்தில் இவற்றைச் செய்தாற் பயன் மிகும்.